ஒரு சாண் தள்ளி இருந்த பொத்தான்

போன வாரம் அடையாறு பாலத்தின் மேல், நல்ல மழையில், கார் இருபது நிமிடம் நகராமல் நின்றது. பக்கத்து இருக்கையில் அப்பா. கண் பரிசோதனைக்கு அவரை அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். அவர் மடியில் வைத்திருந்த மஞ்சள் பையிலிருந்து ஈரத்துணி வாடை அடித்தது. குடையைத் துடைத்த துணியை அப்படியே சுருட்டி உள்ளே வைத்திருக்கிறார். காயாத பருத்தித் துணிக்கு ஒரு புளித்த வாடை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். அது மூக்கில் ஏறியதும் என் வலது தோள்பட்டை வலித்தது. பொய் சொல்லவில்லை.

எட்டு வருடம் முன்பு நாங்கள் பட்டினப்பாக்கத்தில் இருந்தோம். அப்பா தி.நகரில் ஒரு துணிக்கடையின் குடோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து வீட்டில் இருந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் ஐடி கம்பெனிகளுக்குப் போய்விட, எனக்கு மட்டும் பம்ப் வடிவமைக்க வேண்டும் என்று ஆசை. ஆசைப்பட உலகத்தில் எவ்வளவோ இருக்கிறது, தெரியும். ஆனாலும் தண்ணீரை மேலே ஏற்றுகிற அந்தச் சின்ன இரும்புச் சக்கரத்தின் வளைவை நானே வரைய வேண்டும் என்று நோட்டு நோட்டாகக் கிறுக்கி வைத்திருந்தேன். கோயம்புத்தூரில் பம்ப் செய்கிற ஒரு கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டரை மணி. எடுக்கப்போவது ஒரே ஒரு ஆளை.

ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை. முந்தின நாளே பஸ் ஏறுகிறேன் என்றேன்.

"மழைல பஸ்ஸுல இன்னாத்துக்கு போற? நம்ம வண்டி எதுக்கு கீது?" என்றார் அப்பா.

நம்ம வண்டி என்பது அந்த வருடம்தான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வெள்ளைக் கார். அது அதுவரை பாலவாக்கத்தைத் தாண்டியதில்லை. அடுத்த நாள் அப்பாவுக்கு இன்னொரு யோசனை வந்தது. "அவ்ளோ தூரம் போறோம், அப்டியே ஊட்டிக்கும் ஒரு எட்டு போய்ட்டு வந்துர்லாம்." அவ்வளவுதான், என் நேர்முகம் குடும்பச் சுற்றுலாவாகிவிட்டது. அம்மா பாண்டி பஜார் நடைபாதையில் நான்கு ஸ்வெட்டர் வாங்கி வந்தார். வழி தெரியும் என்று சித்தப்பாவும் சேர்ந்துகொண்டார். வண்டலூருக்கு அப்பால் அவர் போனதாக எனக்குத் தகவல் இல்லை.

நான் பட்டியல் போடுகிறவள். அன்றைக்கும் போட்டேன்: வெள்ளி விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்புவது, எங்கெங்கே நிறுத்துவது, சான்றிதழ்கள், நகல்கள், இரண்டு பேனா. ஒரு மணிக்குக் கோயம்புத்தூர். அம்மாவின் புளிசோறு ஆறுவதற்குக் காத்திருந்து நாங்கள் கிளம்பியபோது ஐந்தரை.

செங்கல்பட்டில் மழை பிடித்தது. கூடவே குளிர்காற்று. சென்னைக்காரர்களுக்குக் குளிர் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். மார்கழியில் மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்துவிட்டுக் கம்பளி தேடுகிற ஜாதி நாங்கள். அம்மா காதில் பஞ்சை அடைத்து மேலே ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டார். நாலு கண்ணாடியும் ஏறின. நாலு பேர் மூச்சு, புளிசோற்றின் ஆவி, சித்தப்பாவின் ஓயாத பேச்சு. பத்தே நிமிடத்தில் முன்கண்ணாடி உள்பக்கம் பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது.

"பாப்பா, தொடைம்மா" என்றார் அப்பா.

துடைத்தேன். கடையிலிருந்து வந்த மஞ்சள் வெட்டுத் துணி. துடைத்த இடம் அரை நிமிடம் தெரியும், மறுபடி மங்கும். அப்பா முன்னால் குனிந்து, ஸ்டியரிங்கில் மோவாய் இடிக்க, மழை வலுத்தபோதெல்லாம் முப்பதிலேயே ஓட்டினார். லாரிகள் எங்களைத் திட்டிவிட்டுத் தாண்டிப் போயின.

"ஏசி போட்டா சரியாயிடும்ப்பா" என்றேன்.

"குளிர்ல எவனா ஏசி போடுவானா?"

"குளிருக்கு இல்லப்பா. உள்ள இருக்கிற ஈரத்த அது இழுத்துடும், கண்ணாடி..."

"மைலேஜ் இன்னா ஆவும்? உங்கம்மாவுக்கு சளி வேற. என் வண்டிய பத்தி எனக்கு தெரியாதா?"

இது திண்டிவனத்தில். விழுப்புரத்தில் ஒருமுறை சொன்னேன், உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் ஒருமுறை, சேலத்தில் ஒருமுறை. மொத்தம் நான்கு. மடியில் விரித்திருந்த பம்ப் நோட்டில் துணியிலிருந்து நீர் சொட்டி, மை கலைந்துகொண்டே வந்தது.

"இன்னா பாப்பா, இன்டர்வியூக்கு போறியா, கண்ணாடி கழுவுற வேலைக்கு போறியா?" என்று பின்னாலிருந்து சித்தப்பா சிரித்தார்.

சிரித்ததோடு விட்டிருக்கலாம். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் கண்ணாடி மங்காது என்று யாரோ டிரைவர் சொன்னது அவருக்கு உளுந்தூர்பேட்டையில் ஞாபகம் வந்தது. "அண்ணே, ஓரங்கட்டு" என்றார். அப்பா நிறுத்தினார். ஏசி வேண்டாமாம், உருளைக்கிழங்கு பரவாயில்லையாம். மழையில் காய்கறிக் கடை தேடி, கத்தி இரவல் வாங்கி, இருவரும் உள்பக்கம் முழுக்கத் தேய்த்தார்கள். அரை மணி நேரம். மங்கல் நிற்கவில்லை. அதன் மேல் மாவுக் கோடுகள் வேறு. எதிரே வந்த ஒவ்வொரு ஹெட்லைட்டும் மத்தாப்பாகச் சிதறியது. அதற்குப் பிறகு நான் இன்னும் அழுத்தித் துடைக்க வேண்டியிருந்தது.

சேலத்திலிருந்து கம்பெனிக்குப் போன் செய்தேன். மழை என்று சொன்னதால் ஒரு அம்மாள் இரக்கப்பட்டார். "நாலு மணி வரைக்கும் பாக்கறோங்க. அதுக்கு மேல முடியாதுங்க."

நாலு இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் காவலாளி குடையைக்கூட விரிக்காமல், "எல்லாரும் கிளம்பிட்டாங்க கண்ணு. இப்பத்தான், பத்து நிமிஷம் ஆச்சு" என்றார். நான் ஸ்வெட்டரைக் கழற்றினேன், மறுபடி போட்டுக்கொண்டேன். அதை ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"ஊட்டிக்கு..." என்று சித்தப்பா ஆரம்பித்தார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் ஊட்டி அத்தோடு முடிந்தது.

மறுநாள் காலையே திரும்பினோம். சங்ககிரி தாண்டியதும் மழை, உடனே மங்கல். நான் துணியை எடுத்தேன். அப்பா என்னைப் பார்க்காமல் கை நீட்டி ஏசி பொத்தானை அழுத்தினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கீழிருந்து மேலாகக் கண்ணாடி தெளிந்துகொண்டே போனது. சாலை தெரிந்தது, புளியமரங்கள் தெரிந்தன, ஒரு மைல்கல்லின் எண்கூடத் தெரிந்தது.

அம்மாதான் பேசினார். "இன்ஜினியருக்கு படிச்சியே, இது உனக்கு தெரியாதா?"

அப்பா பதில் சொல்வார் என்று காத்திருந்தேன். 'அவ நாலு வாட்டி சொன்னா' என்று நான்கு வார்த்தை. அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் இப்போது அவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே.

ஆனால், உங்களிடம் சொல்வதற்கென்ன, அப்பா மேலிருந்த கோபம் பாதிதான். ஒரு நாள் முழுக்க அந்தப் பொத்தான் என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. துடைக்கும்போது முழங்கை அதன்மேல் உரசியது. சொன்னேன், சொன்னேன், நான்கு முறை சொன்னேன். அழுத்தவில்லை. அப்பாவின் வண்டி.

பம்ப் வேலை அப்புறம் வரவில்லை. நானும் ஐடி கம்பெனிக்குப் போனேன், நன்றாகவே இருக்கிறேன். வெள்ளைக் காரை விற்றாயிற்று. சித்தப்பா ஊருக்கு வெளியே வீடு மாறிப் போய்விட்டார். வருவது தீபாவளிக்கு மட்டும். ஊட்டியை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. அந்த நான்கு வார்த்தையைப் பற்றி அப்பாவிடம் கேட்க நல்ல கேள்விகளாக, வரிசையாக, எண் போட்டு மனதில் வைத்திருக்கிறேன். பாலத்தில் வண்டி நின்ற அந்த இருபது நிமிடம் அதற்குத் தோதான நேரம்தான். வாயைத் திறக்கப் போனேன்.

"பாப்பா, ஏசிய கொஞ்சம் அணைக்கிறியா? குளிருது" என்றார் அப்பா.

பொத்தான் அவர் கைக்கு ஒரு சாண் தூரம்.

"நீயே அணைச்சுக்கோயேன்ப்பா."

"உன் வண்டியாச்சே. நான் எதுக்கு கைய வெச்சுக்கினு."

எனக்கு எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. என் வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று அதட்டிய அந்த மனுஷரிடம்தான் நான் சண்டை போட வேண்டும். எட்டு வருடம் சேர்த்து வைத்தது அவருக்காகத்தான். அவர் எப்போது போனார் என்று நான் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருக்கிற இவர் குளிருக்குக்கூட அனுமதி கேட்கிறார்.

ஏசியை அணைத்தேன். முன்னால் வண்டிகள் மெல்ல நகர்ந்தன. கண்ணாடி ஓரத்தில் மங்கல் ஏற ஆரம்பித்தது. அப்பா பைக்குள் கையை விட்டுத் துணியை எடுத்தார்.