மாப்பிள்ளைக்குக் கால் கழுவப் பழக்கினது

எனக்குக் கை சும்மா இராது. வகுப்பிலை ஒரு பிள்ளை பென்சில் சீவத் தெரியாமல் முழிச்சால், அதைப் பறிச்சுச் சீவிக் குடுத்திட்டுத்தான் மற்ற வேலை. அப்பிடிப்பட்ட என்னைத் தொண்ணூறுகளின்ரை துவக்கத்திலை, மானிப்பாயிலை சனிக்கிழமையளிலை நடந்த ஒரு பயிற்சி வகுப்பிலை கொண்டுபோய் இருத்திச்சினம். உடம்பு ஏலாத, படிப்பு மெதுவா ஏறுற பிள்ளையள் பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு பெரிய ஆக்களாச் சீவிக்கிறதுக்கு வாத்திமார் என்னெண்டு உதவுறது எண்டதுதான் பாடம். படிப்பிக்க வந்த அம்மா முதல் நாளே சொல்லிப்போட்டா: "பிள்ளை ஒரு வேலை செய்யேக்கை உங்கடை கை முதுகுக்குப் பின்னாலை இருக்கவேணும். வாயும் மூடியிருக்கவேணும்."

வாத்திமாரை வாய் மூடச் சொன்னால் மூச்சு முட்டிச் செத்துப்போவினம் எண்டது அவவுக்குத் தெரியேல்லை.

ஆளுக்கொரு பிள்ளையைப் பொறுப்பெடுத்து, பெரிய ஆளா வந்து என்ன செய்ய விருப்பம் எண்டு கேட்டுக்கொண்டு வரச் சொன்னா. கேக்கிறது மட்டும்தான், நாங்கள் சொல்லிக் குடுக்கக் கூடாது. எனக்கு வாய்ச்சது உடுவில் பெடியன் ஒருத்தன். பத்தொன்பது வயது. ஒரு விசயம் விளங்க நேரம் எடுக்கும், விளங்கினதை மறக்கமாட்டான். இவனுக்கு என்வலப் ஒட்டுற வேலைதான் சரி எண்டு மனசுக்குள்ளை முடிவுகட்டிக்கொண்டுதான் அவன்ரை வீட்டை போனனான். கேட்டவுடனை சொன்னான்.

"அக்காவின்ரை கலியாணத்திலை நான்தான் தோழன். மாப்பிள்ளைக்குக் கால் கழுவுவன்."

எங்கடை பக்கம் பொம்பிளையின்ரை தம்பிதான் தோழன். வாசலிலை மாப்பிள்ளைக்குக் கால் கழுவி வரவேற்கிறது அவன்ரை உரிமை. தமக்கைக்கு ஆவணியிலை கலியாணம். பக்கத்திலை நிண்ட தாய்க்கு முகம் கறுத்துப்போச்சு.

"உது சரிவராது ரீச்சர். சபையிலை ஏதும் பிழைச்சால் இவனைப் பாத்துச் சிரிப்பினம். அதை என்னாலை பாக்கேலாது. என்ரை தங்கச்சியின்ரை மகனை நிப்பாட்டுறதெண்டு கதைச்சாச்சு."

அவன் தாயைப் பாத்தான். பிறகு என்னைப் பாத்தான். "நான்தானே அக்காவுக்குத் தம்பி" எண்டான். எனக்குப் பொல்லாத கோபம் வந்துது. தாயிலை இல்லை, சிரிக்கப்போற சபையிலை. "பழக்கிக் காட்டுறன், பிறகு சொல்லுங்கோ" எண்டு ஆழம் தெரியாமல் காலை விட்டிட்டன்.

ஒரு வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்சுப் பழக்கவேணும் எண்டு வகுப்பிலை சொல்லித் தந்தவை. குந்து, செம்பை எடு, தண்ணியை வார், தேய், துடை. சரி, மாப்பிள்ளைக்கு எங்கை போறது? அந்தப் பயிற்சி வகுப்புக்கு மாஸ்டர் ஒருத்தர் வட்டுக்கோட்டையிலை இருந்து சைக்கிளிலை வாறவர், பிள்ளைகுட்டிக்காரன். அவரைப் பிடிச்சுப் பலகையிலை நிப்பாட்டி, தலையிலை துவாயைத் தலைப்பாகையாக் கட்டிவிட்டம். மனிசி அறிஞ்சால் ரெண்டாம் தாரமோ எண்டு கேப்பா எண்ட பயத்தோடைதான் காலை நீட்டினார். செம்பாட்டு மண் ஊறின கால். பொருளாதாரத் தடையாலை சவுக்காரம் கண்ணிலை காணக் கிடையாத காலம் வேறை.

சனிக்கிழமை வகுப்புக்கே அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினம். முதல் கிழமை செம்புத் தண்ணி முழுக்க மாஸ்டரின்ரை வேட்டியிலை. எனக்குச் செம்பைப் பறிக்கக் கை துடிச்சுது. படிப்பிக்கிற அம்மா என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டா, கையைப் பின்னாலை கட்டியிட்டன். ஒவ்வொரு கிழமையும் வேட்டி கொஞ்சம் கொஞ்சமாக் காய்ஞ்சுது. ஆவணி பிறக்க முன்னம், குதிக்கால் வெடிப்புக்குள்ளை நிண்ட மண்ணையும் விடாமல் கழுவப் பழகியிட்டான். மாஸ்டரின்ரை கால் அவர் பிறந்தண்டைக்கும் அவ்வளவு துப்பரவா இருந்திராது.

தாய் வந்து பாத்திட்டு "பாப்பம்" எண்டா. கலியாணத்தண்டைக்கு ரெண்டு பெடியளுக்கும் பட்டுவேட்டி உடுத்துறது, இவன் தடுமாறினால் மற்றவன் செம்பை வாங்குறது எண்டு ஒரு ஏற்பாடு. அதுக்கு மேலை அவ இறங்கி வரேல்லை.

அண்டைக்கு, பெற்றோல் கிடையாததாலை மண்ணெண்ணெயிலை ஓடின கார் ஊரெல்லாம் புகைச்சுக்கொண்டு பந்தல் வாசலிலை வந்து நிண்டுது. மாப்பிள்ளை இறங்கிச் செருப்பைக் கழட்டினார். அப்பதான் எனக்குச் சுருக்கெண்டுது. கலியாணத்திலை கால் கழுவுறதெண்டால் பேருக்குக் கொஞ்சத் தண்ணி வாக்கிறது. நாங்கள் பழக்கினது நிசக் கழுவல்.

அவன் குந்தினான். மாப்பிள்ளையின்ரை காலைப் பிடிச்சு வடிவாத் திருப்பிப் பாத்தான். தண்ணியை வாத்து, விரல் இடுக்கெல்லாம் தேய்ச்சு, குதிக்காலுக்குப் போனான். மாப்பிள்ளைக்குக் கூச்சம். தலைப்பாகை ஆட ஆட நெளிஞ்சார். மேளகாரர் எட்டிப் பாத்தினம். ஐயர் "முகூர்த்தம் போகுது" எண்டார். பின்னுக்கு ஆரோ சிரிச்சினம். தாய் கண்ணைக் காட்ட, தங்கச்சியின்ரை மகன் முன்னுக்கு வந்து கையை நீட்டினான். நான் சீலைத் தலைப்பைப் பின்னாலை முறுக்கிக்கொண்டு, பிள்ளையாரே எண்டு நிண்டன்.

அவன் நிமிர்ந்து பாத்தான். செம்பை விடேல்லை.

"மற்றக் கால் என்ன பாவம் செய்தது? இதையும் கழுவும்" எண்டு மாப்பிள்ளை மற்றக் காலைத் தூக்கி வைச்சார். அந்த மனிசன் எங்கை இருந்தாலும் நல்லாயிருக்கவேணும்.

கழுவினான், துடைச்சான், எழும்பினான். முறைப்படி மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட்டுவிட்டார். இனித் தோழன் மாப்பிள்ளையைக் கையிலை பிடிச்சு மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். அதைப் பழக்கிறதுக்கு எங்களிலை ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்லை. காலோடை மினக்கெட்டதிலை மிச்சத்தை மறந்துபோனம். பக்கத்திலை நிண்ட வட்டுக்கோட்டை மாஸ்டர் "போச்சு ரீச்சர்" எண்டு முணுமுணுத்தார்.

அவன் மோதிரத்தைப் பாத்துக்கொண்டு நிண்டான். தாய் விறுவிறெண்டு கிட்ட வந்தா. கடைக்குப் போக, கோயிலுக்குப் போக, றோட்டுக் கடக்க எண்டு சின்னனிலை இருந்து அவனைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு திரிஞ்ச பழக்கம். அவன்ரை கையைப் பிடிக்கத் தன்ரை கையை நீட்டினா.

அவன் அந்தக் கையைப் பிடிக்கேல்லை. ஈரக் கையாலை மாப்பிள்ளையின்ரை கையைப் பிடிச்சான்.

"அம்மா, வழி விடுங்கோ. அத்தான் வாறார்."

தாய் விலகி நிண்டா.