அக்கான்னு கூப்பிட்டவன்

இன்னிக்கு சாயங்காலம் ராயபுரத்துல ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில கீபோர்டு மாத்த நின்னுட்டிருந்தேன். எனக்கு முன்னாடி ஒரு அக்கா. திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டுல வர்ற போற லாரியை கம்ப்யூட்டர்ல பதியுற கேட் என்ட்ரி வேலையாம்.

"ஆபீஸ்ல எல்லா கம்ப்யூட்டர்லயும் விண்டோஸ தூக்கிட்டு லினக்ஸுக்கு மாத்தினுகீறாங்கோ. தெரியாதவங்கள நிறுத்திருவாங்களாம்"னு கடைக்காரர்கிட்ட சொன்னாங்க.

அதனால வூட்டு லேப்டாப்புலயும் லினக்ஸ் போட்டுட்டு, புதுசா கத்துக்க எதைப் படிக்கலாம்னு ஒரு பேஸ்புக் குரூப்ல கேட்டிருக்காங்க. வந்த பதிலெல்லாம் இங்கிலீஷ். பாதிப் பேர் எந்த லினக்ஸ் ஒசத்தின்னு தங்களுக்குள்ளயே சண்டை.

ஒருத்தன் மட்டும் தமிழ்ல எழுதியிருக்கான். "அக்கா, முதல்ல இந்த ஒரு வரியை டைப் பண்ணுங்க. அப்புறம் எல்லாம் ஈஸி."

அந்த வரி லேப்டாப்புல இருந்த மொத்தத்தையும் அழிச்சிடுச்சு. பொண்ணு பொறந்ததுலேர்ந்து எடுத்த போட்டோ எல்லாம் அதுலதான் இருந்துச்சாம். வேற எங்கயும் இல்ல.

கடைக்காரர் லேப்டாப்பை ரொம்ப நேரம் நோண்டிப் பாத்துட்டு, "போட்டோ திரும்ப வராதுக்கா"ன்னார். அப்புறம், "இன்னா ஏதுன்னு கேக்காம ஏன்க்கா போட்டீங்கோ?"

"அவன் ஒருத்தன்தான்பா அக்கான்னு கூப்ட்டான்."

லேப்டாப்பை மூடிப் பையில வச்சுக்கிட்டே கேட்டாங்க. "சரி, வேலை போவக்கூடாதுல்ல. எங்கதான்பா கத்துக்கிறது?"

விசாரிச்சு அனுப்புறேன்னு சொல்லி அவங்க நம்பர் வாங்கி வச்சிருக்கேன்.

முதல்லேர்ந்து பொறுமையா சொல்லித்தர்ற பக்கமோ வீடியோவோ தெரிஞ்சா கீழ போடுங்க, தமிழ்லயே. எது ஒசத்திங்கிற சண்டையை வேற எங்கயாவது வச்சுக்கோங்க.

அக்கான்னு கூப்பிடுறவங்க, சொல்லித்தர்ற வரியை முதல்ல உங்க லேப்டாப்புல போட்டுப் பாத்துட்டு கூப்பிடுங்க.