பாட்டுக்காரன் இல்லாத இசைத்தட்டு

எழுபதுகளில் அண்ணா கச்சேரி செய்த இடத்திலெல்லாம் வயலின் நான்தான். பெண்பிள்ளை பக்கவாத்தியம் வாசித்தால் பாட மாட்டேன் என்று சொல்லும் வித்வான்கள் திருவனந்தபுரத்திலும் இருந்தார்கள். அண்ணா அப்படிச் சொல்லவில்லை. அதைப் பெரிய உபகாரமாக வாய்க்கு வாய் சொல்லிக் காட்டுவான்.

பாடுகிறவர் ராகம் பாடி முடித்ததும் அதே ராகத்தை வயலின் வாசிக்க வேண்டும் என்பது கச்சேரி முறை. எனக்கு அது அரை நிமிஷம். நான் மேல் ஸ்தாயியைத் தொடுவதற்குள் அண்ணா கனைத்துவிட்டுக் கீர்த்தனையை எடுத்துவிடுவான். கேட்டால், "ஜனங்க பாட்டுக் கேக்கவாக்கும் வந்திருக்கா" என்பான்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரி ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்தாள். கப்பலில் வேலை பார்த்த அவள் கணவர் எங்கேயோ வாங்கியது. "சேச்சி வயலின் வாசிக்குமல்லோ, கொண்டு போய்க்கோ. எனிக்கு ஒண்ணும் மனசிலாயில்லா" என்று தனக்குப் புரியாததை என் கையில் கொடுத்தாள். நூறு வருஷத்துக்கும் முந்தைய ஒரு ஜெர்மன்காரர் எழுதிய சங்கீதம். உறையில் அவரைப் பற்றி அச்சடித்திருந்ததில் பாதி, அவருடைய பிரபலமான சிநேகிதரைப் பற்றி இருந்தது. அவரும் யாருக்கோ பக்கவாத்தியம்தானா என்று, படித்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரமனையில் எங்கள் வீட்டில் ரிக்கார்டு பிளேயரில் போட்டேன். இரண்டு வயலின், அதைவிடக் கொஞ்சம் பெரிய வயலின் ஒன்று, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய வாத்தியம் ஒன்று. நாலே பேர். பழக்கதோஷத்தில் தொடையில் தாளம் போட ஆரம்பித்தேன்; நடுவில் கை நின்றுவிட்டது. மெதுவான பகுதியில் முதல் வயலின் ஒரு மெட்டைத் தொடங்க, இரண்டாவது அதை வாங்கிக்கொண்டு தன் இஷ்டத்துக்கு எங்கேயோ போயிற்று. அது திரும்பி வரும்வரை முதல் வயலின் பேசாமல் காத்திருந்தது. யாரும் கனைக்கவில்லை. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இப்படியும் வாசிக்கலாம் என்று முப்பத்துநாலு வயசுவரை ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லையே!

அண்ணா ஈஸிசேரில் சாய்ந்து, தட்டின் ஒரு பக்கம் முழுவதும் பொறுமையாகக் கேட்டான். தட்டு நின்றதும், "பக்கவாத்தியமெல்லாம் பேஷ். பாட்டு எப்போடி ஆரம்பிக்கும்?" என்றான்.

"இதுல பாட்டே கிடையாது."

"பாடறவன் இல்லாம இவாளுக்கு என்னடி வேலை?"

தட்டை எடுத்து உறைக்குள் போட்டேன். இல்லாவிட்டால் அதை அவன் தலையில் உடைத்திருப்பேன்.

அடுத்த வாரம் கோயில் உற்சவத்தில் கச்சேரி. ஒரே மைக், அதுவும் அவன் முன்னால். தோடி ராகம் பாடி நிறுத்தினான். நான் எடுத்தேன். அந்த ஒரு வாரமும் தினம் சாதகம் செய்து வைத்திருந்தேன். இரண்டு பிடி வாசிப்பதற்குள் கனைப்பு. நான் நிறுத்தவில்லை. நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் ஆளே இல்லாத மாதிரி, கீர்த்தனையைப் பாடத் தொடங்கிவிட்டான்.

வில்லை மடியில் வைத்தேன். அந்தக் கீர்த்தனை முழுக்க அதைத் தொடவில்லை. மிருதங்கக்காரர் இரண்டு தடவை என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணா முறைக்கட்டும், எல்லோர் முன்னிலும் திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவன் என் பக்கம் திரும்பவேயில்லை. மீதிப் பாட்டுகளுக்குக் கடனே என்று வாசித்துத் தீர்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னான்: "இன்னிக்குத்தான் தோடிக் கீர்த்தனைக்கு ஒழுங்கா வாசிச்சே. நீ இருக்கறதே தெரியலை. பக்கவாத்தியம்னா இப்படியாக்கும் இருக்கணும்."

கேலி செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனசாரத்தான் சொன்னான். பன்னிரண்டு வருஷம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். நான் வாசிக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியவில்லை.