கிண்ணம் காலியான நேரம்

எனக்குக் கைநாட்டுதான். ஆனாலும் எங்கள் கிணற்றை ஆழப்படுத்தியபோது ஆள் கணக்கு என் கையில்தான் இருந்தது. எனக்கு ஒரே குஷி. ஆள் இறங்கினால் கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டை போடுவேன், ஏறினால் ஒன்றை எடுத்துவிடுவேன். கிண்ணம் அந்தியூர்த் தேர்த்திருவிழாக் கடையில் வாங்கியது. அங்கே கூடும் குதிரைச் சந்தை பார்க்கப் போய்க் கிண்ணத்தோடு வந்தேன், அது வேறு கதை. கிண்ணம் காலியானால் "ஆச்சுங்க" என்பேன். வெடிக்காரர் மேலிருந்தே கம்பியைப் பேட்டரியில் தொட்டுப் பாறையை உடைப்பார்.

பாறையில் வெடி வைக்க இறங்கும் நாலு பேரில் என் மகன் முதலில் இறங்கினாலும் கடைசியில் இறங்கினாலும் நாலு கொட்டைதான். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மோட்டார்க்காரர் மட்டும் நான் வருமுன்பே இறங்கி ஊற்றுத் தண்ணீரை இறைத்துவிடுவார். அவர் ஏறும்போது கிண்ணத்தில் எடுக்க ஒன்றும் இருக்காது. சிரித்துவைப்பேன். அப்புறம்தான் நாலு பேரும் இறங்குவார்கள்.

அன்று தண்ணீர் அதிகம். நாலு பேரும் இறங்கிய பிறகுதான் அவர் ஏறினார். ஏறினால் எடுக்கவேண்டுமே, ஒரு கொட்டையை எடுத்தேன். மதியம் மூன்று பேர் ஏறினார்கள். கிண்ணம் காலி.

"ஆச்சுங்க!"

"ஏனுங்கம்மா, நல்லாப் பாத்துட்டீங்களா?" என்றார் வெடிக்காரர்.

"கொட்டைய வேணும்னா கேளுங்க."

எல்லாரும் வேப்பமரத்துக்குப் பின்னால் போனார்கள். ஒரு குருவிகூடக் கத்தவில்லை. அப்போதுதான் கிணற்று மேட்டில் ஒரு ஜோடி செருப்பைப் பார்த்தேன். எங்கள் பக்கம் செருப்போடு கிணற்றில் இறங்கமாட்டோம். அறுந்த வாருக்கு ஊக்கு குத்திக் கொடுத்தது நான்தான். இரண்டும் கிணற்றைப் பார்த்து நின்றன, யாரோ அதில் நிற்பதுபோல.

"நிறுத்துங்க! கண்ணு, உள்ள இருக்கறயா?"

"இருக்கறயா?" என்று கேட்டது கிணறு. பிறகு ஒன்றுமில்லை. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.

"கம்பிய இறுக்கிட்டிருக்கறேன். ஏம்மா கத்தறே?" என்று அடியிலிருந்து வந்தது மகன் குரல்.

வெடிக்காரர் கம்பியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மோட்டார்க்காரர்தான் மெதுவாகச் சொன்னார்: "உங்க கிண்ணத்துல எனக்குக் கொட்டையே போடலீங்களே. அப்புறம் என்னைய எப்படீங்க கழிச்சீங்க?"

நான் எடுத்தது என் மகனுடைய கொட்டையை. தினமும் வந்த அதே ஐந்து பேர்தான். முன்பின்னாக ஏறியதில் என் கணக்கில் ஒருவன் இல்லாமலே போயிருந்தான்.

இப்போது மோட்டார்க்காரர் இறங்குமுன் தானே ஒரு கொட்டை போட்டுவிடுகிறார். கிண்ணம் காலியான பிறகும் நான் கிணற்றுக்குள் ஒருமுறை கூப்பிடுகிறேன். என் குரல் திரும்பி வருகிறது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.