ஒரே மதியத்தில் மூன்று குற்றம்

என் தம்பியைச் சும்மா உட்கார வைக்க எங்கள் வீட்டில் யாராலும் முடிந்ததில்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன். சாப்பிட்டுக்கொண்டே இருப்பான், மின்விசிறியின் சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், எச்சில் கையோடு முக்காலி போட்டு ஏறிவிடுவான். பம்பரம் என்று அவனுக்குப் பெயர் வைத்ததே நான்தான்.

குளிர்சாதன மெக்கானிக் வேலையில் அவனுக்கு இணை கிடையாது. அக்கா என்பதால் சொல்கிறாள் என்பார்கள். சொல்லட்டும். பழக் கிடங்கில் மெஷின் நின்றுபோனால், அவன் வந்து சேரும்வரை மேனேஜர் வாசலிலேயே நிற்பார். அதே மேனேஜர்தான் ஒருநாள் வாய்ச்சண்டை முற்றி அவனை வேலையை விட்டு நிறுத்தினார். அவனுடைய கருவிப் பை மெஷின் அறைக்குள் மாட்டிக்கொண்டது. போய்ப் போய்க் கேட்டான், தரவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. விடுமுறை நாள் மதியம், பின்கதவுப் பூட்டை நெம்பி உள்ளே போய்ப் பையை எடுத்துவிட்டான். கம்பெனியின் பிரஷர் மீட்டரும் அந்தப் பைக்குள்ளேயே இருந்தது.

எடுத்தவன் வந்திருக்க வேண்டாமா? கம்ப்ரஸர் கரகரவென்று இருமுவது அவன் காதில் விழுந்துவிட்டது. பையை இறக்கிவைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து அதைக் கழற்ற ஆரம்பித்தான். முடிக்கிற நேரத்தில் வாட்ச்மேன் வந்து பின்னாலிருந்து காலரைப் பிடித்தார். இவன் திமிறித் தள்ளியதில் அவர் இரும்புப் படியில் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது.

பூட்டை உடைத்து நுழைந்ததற்கு இரண்டு வருடம். மீட்டரைத் திருடியதற்கு இரண்டு. காயப்படுத்தியதற்கு ஒன்றரை. மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்று கீழ்க்கோர்ட்டில் தீர்ப்பானது.

மேல்முறையீட்டுக்கு ஒரு வக்கீலம்மா கிடைத்தாள். சின்ன வயசு, ஆனால் பொறுமையாகப் பேசுவாள்.

"அக்கா, குற்றமே பண்ணலன்னு வாதாடினா நிக்காது. தண்டனைய மட்டும் கேப்போம். ஒரே அடுப்புல மூணு பானைய ஒண்ணு மாத்தி ஒண்ணு வெச்சா எவ்வளவு நேரம் ஆகும்? மூணு அடுப்புல ஒண்ணா ஏத்தினா சீக்கிரம் எறக்கிடலாம். மூணு தண்டனையும் ஒண்ணா ஓடட்டும்னு கேக்கப் போறோம். ரெண்டே வருஷத்துல வெளிய வந்துடுவான்."

"கேட்டா குடுப்பாங்களாம்மா?"

"எல்லாம் ஒரே மூச்சுல நடந்ததுன்னு காட்டணும். போனான், எடுத்தான், பிடிக்க வந்தாங்க, தள்ளினான். அவ்வளவுதான்."

எனக்கு வாய் நிற்கவில்லை. "அவன் அங்க மெஷினை ரிப்பேர் பண்ணிட்டிருந்தாம்மா. எவன் பண்ணுவான் சொல்லு?"

அவள் முகம் சுண்டிவிட்டது. "இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லல. இது நல்ல விஷயம்தானே?"

"நல்ல விஷயம்தான். ஆனா அங்க உக்காந்து வேலை பார்த்தான்னா ஒரே மூச்சு எங்கக்கா இருக்கு? எடுத்தது தனி, தள்ளினது தனின்னு பிரிச்சுடுவாங்க. தயவுசெஞ்சு வாயத் திறக்காதீங்க. அவனையும் திறக்க விடாதீங்க."

சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றவனிடம் அடுப்புக் கதையோடு சேர்த்து இதைச் சொன்னேன். நின்ற இடத்தில் கால் மாற்றி மாற்றி நின்றான்.

"என்னை ஒரே அடுப்புல மூணு தடவ வேக வெக்கிறாங்கன்னு சொல்லு," என்று சிரித்தான்.

"சிரிக்காதடா. பேசாம இருப்பியா?"

"இருக்கேங்கா. சத்தியமா."

விசாரணை நாளில் நான் குட்டி போட்ட பூனை மாதிரி கோர்ட்டு வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் உட்காரத் தோன்றும். வாட்ச்மேனும் வந்திருந்தார். வலது கையை மடியில் வைத்து இடது கையால் பிடித்திருந்தார். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

வழக்கைக் கூப்பிட்டதும் உள்ளே போனேன். வக்கீலம்மா நன்றாகத்தான் பேசினாள். நீதிபதி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு அரசு வக்கீல் எழுந்தார்.

"ஒரே மூச்சாம்! பைய எடுத்த ஆளு ஏன் உடனே கெளம்பல? இன்னும் என்ன சுருட்டலாம்னு தேடிட்டிருந்தான், வேறென்ன?"

தம்பியின் கை கூண்டுக் கட்டையை இறுக்குவதைப் பார்த்தேன். வேண்டாம்டா, வேண்டாம்டா என்று மனசுக்குள் கத்தினேன்.

"தேடலீங்கய்யா! மெஷினை சரி பண்ணிட்டிருந்தேன்!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"திருடப் போன எடத்துல ரிப்பேரா?" என்றார் நீதிபதி.

"சத்தம் சரியில்லீங்கய்யா. உள்ள பூரா பழம். அப்படியே விட்டுட்டு வந்தா எல்லாம் அழுகிடும்."

எனக்கு அழுகை வந்தது, பெருமையும் வந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டானே என்று ஆத்திரமும் வந்தது.

நீதிபதி அவனையே பார்த்தார். "வாட்ச்மேன் கீழ விழுந்தப்ப?"

தம்பி கூண்டுக் கட்டையிலிருந்து கையை எடுத்தான்.

"கேக்கறேன்ல?"

"ஓடிட்டேங்கய்யா."

உணவு இடைவேளைக்குப் பிறகு உத்தரவு வந்தது. நுழைந்ததும் எடுத்ததும் ஒரே காரியம். அந்த இரண்டு தண்டனையும் ஒன்றாக ஓடலாம். காயப்படுத்தியது வேறு. அந்த ஒன்றரை வருடம் தனியாகத்தான். மெஷினை விட்டுப் போக மனம் வராதவன், விழுந்த மனிதரை விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று நீதிபதி வாய்விட்டுச் சொன்னார்.

இரண்டு வருடம் குறைந்தது. எனக்கோ அந்த ஒன்றரை வருடம்தான் பெரிதாகத் தெரிந்தது.

"இன்னும் மேல போகலாம்க்கா," என்றாள் வக்கீலம்மா. "அவன் கையெழுத்துப் போட்டா போதும்."

போலீஸ்காரர்கள் ஒரு நிமிடம் பேச விட்டார்கள். "போட்டுடுடா. போராடிப் பாக்கலாம்," என்றேன்.

"வேணாங்கா."

"ஏன்டா? மூணரை வருஷம் உன்னால அடைஞ்சு கெடக்க முடியுமா?"

"முடியாதுதான்." விலங்கு மாட்டிய கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அவர் விழுந்ததும் எலும்பு முறியிற சத்தம் கேட்டுச்சுக்கா. எனக்கு நல்லாவே கேட்டுச்சு. அதுக்கு நான் நிக்கல."

"பயத்துல ஓடினடா நீ. எவனா இருந்தாலும்..."

"நான் எவனோ இல்லியே. எனக்கு இணையே இல்லன்னு நீதானே ஊரெல்லாம் சொல்லிட்டிருப்ப."

அவர்கள் அவனை வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கையெழுத்துக் காகிதத்தைக் கோப்புக்குள்ளேயே வைத்துவிடும்படி வக்கீலம்மாவிடம் சொன்னேன். வராந்தாவில் வாட்ச்மேன் பையை இடது தோளில் மாட்ட முயன்றுகொண்டிருந்தார். வார் வழுக்கி வழுக்கி விழுந்தது. கிட்டப் போய், "குடுங்கண்ணே, நான் மாட்டிவிடறேன்," என்றேன். நான் யாரென்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு தோளைக் காட்டினார்.