தலைகீழாய்ப் பிடித்த கமரா

ராஜினிக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு: பாவம். அதை யாராவது அவள் காதுபட மெல்லச் சொன்னாலே போதும், அன்றைக்கு முழுக்க முகம் கடுகடுவென்று இருக்கும். சத்தமாகச் சொன்னவர்களுக்குப் பதில் கையோடு கிடைத்துவிடும். ஒருமுறை ஸ்கந்தபுரத்தில் பஸ் ஏறியபோது ஒரு மனிதர் எழும்பி இடம் கொடுத்தார். இடத்தோடு அந்தச் சொல்லையும் சேர்த்துக் கொடுத்தார். அவள் அதில் உட்காரவில்லை. கிளிநொச்சி வரைக்கும் நின்றுகொண்டே போனாள். அவரும் வெட்கத்தில் இருக்க முடியாமல் நின்றுகொண்டே வந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் அந்த இருக்கை வெறுமையாகக் குலுங்கிக்கொண்டு போனது.

அவளுடைய வலது கை, முழங்கைக்குக் கீழே நாலு விரல் அளவோடு நின்றுவிடும். இரண்டாயிரத்து ஒன்பதில், யுத்தத்தில், இருபத்தொரு வயதில், செல் விழுந்து போனது. கேட்டால் அவ்வளவுதான் சொல்வாள். இங்கேயும் அவ்வளவு போதும்.

மிச்சமிருந்த இடது கையால் அவள் என்ன செய்தாள் என்பதுதான் கதை. கிளிநொச்சியில் சிற்றம்பலம் என்பவரின் ஸ்ரூடியோவில் பன்னிரண்டு வருடமாகக் கலியாண அல்பம் செய்கிறாள். எத்தனை மாப்பிள்ளைமாரின் முகப்பருவை அவள் கணினியில் துடைத்திருக்கிறாள், மணவறைக்குப் பின்னால் கொட்டாவி விட்ட எத்தனை பேரின் வாயை மூடியிருக்கிறாள் என்று கணக்கே கிடையாது. இரண்டு கையுள்ளவர்கள் இரண்டு நாள் எடுக்கும் வேலையை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுவாள். ஆனால் அல்பத்தின் பின்னட்டையில் "படம்: சிற்றம்பலம்" என்றுதான் அச்சாகும். அது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மற்றவர் எடுத்த படத்தைத் திருத்தித் திருத்தி, எங்கே நின்று எடுத்திருக்க வேண்டும், எந்த வெளிச்சத்தில் எடுத்திருக்க வேண்டும் என்று அவளுக்கு அத்துப்படி. ஒருநாள் கேட்டும் விட்டாள்.

"அண்ணை, அடுத்த கலியாணத்துக்கு நானும் படமெடுக்க வாறன்."

"வா பிள்ளை, வா. லைற் பிடிக்க ஆள் தேவைதான்" என்றார் சிற்றம்பலம். மனிதர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது நல்ல பதிலாகவே பட்டது. அவள் இரண்டு வருடம் லைற் பிடித்தாள்.

தம்பி சஜீவன் கட்டாரில் வேலை. போன மாசியில் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். "அக்கா, சித்திரைக்கு லீவில வாறன். உனக்கொரு கமரா வாங்கிக்கொண்டு வாறன். ஒண்டும் சொல்லாத, நான் பாத்து வைச்சிட்டன்." பின்னாலேயே ஒரு படம் வந்து விழுந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னக் கமரா. தண்ணீர் புகாது. ஆள் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையாது. சேறு, மணல் எதற்கும் அசையாது.

வீட்டில் எல்லாருக்கும் வாயெல்லாம் பல். தகப்பன் ராசு, எழுபத்தேழுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர். காடு வெட்டி, அடுத்தவர் வயலில் உழைத்து, கடைசியில் ஒன்றரை ஏக்கர் சொந்தமாக விதைக்கிறவர். நல்ல சாமான் என்றால் உடையாத சாமான் என்பது அவருடைய கட்சி. "கீழ வுழுந்தாலும் ஒண்ணும் ஆவாதாம் புள்ள. இதவிட என்னா வேணும்?" என்றார். தாய் சுப்பம்மாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "கைக்கு அடக்கமா இருக்கு. இதுவே வாங்கிக்க" என்றாள்.

ராஜினிக்குக் கோபம் வந்தது. அவள் மனதில் வேறொன்று இருந்தது. லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கமரா, தொடக்கக்காரருக்கென்று வருகிற மலிவான வகைதான். ஆனால் அதை வைத்துக் கலியாணம் எடுக்கலாம். மங்கலான மண்டபத்திலும் முகம் முகமாகவே வரும். விலையும் தம்பி சொன்னதைவிடப் பெரிதாகக் கூடவில்லை. பிறகு ஏன் எல்லாருடைய வாயிலும் 'விழுந்தாலும், விழுந்தாலும்' என்றே வருகிறது? கமராவையா பார்த்தார்கள்? அவளுடைய கையைத்தான் பார்த்தார்கள்.

ஆனாலும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது, அதையும் மறைக்கக்கூடாது. மிரர்லெஸ் இரண்டு கையால் பிடிக்கிற சாமான். வீம்புக்கு அதை வாங்கி, பிடிக்க ஏலாமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினால், பாவம் என்று சொன்ன அத்தனை பேரும் சரியாகத்தான் சொன்னார்கள் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு படமெடுக்கிற ஆசையை வாயால் சொல்லவும் முடியாது. அதனால் தம்பிக்கு, "ஒரு கிழமை பொறு, சொல்லுறன்" என்று மட்டும் எழுதினாள்.

சிற்றம்பலத்திடம் இரண்டு வகையும் இருந்தன. மிரர்லெஸ் ஒன்றைக் கைகாவலுக்கென்று மேலதிகமாக வைத்திருந்தார். தண்ணீர் புகாத சின்னது, கோயில் தீர்த்தத் திருவிழாவில் கடலுக்குள் இறங்கி எடுக்கவென்று வாங்கியது. வெள்ளிக்கிழமை இரண்டையும் இரவல் கேட்டாள். அவர் ஒரு கணம் யோசித்தார். "கவனம் பிள்ளை" என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பற்றறி சார்ஜ் பண்ணித்தான் இருக்கு" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் தொடங்கினாள். மிரர்லெஸ்ஸை இடது கையால் பிடித்தால், அமுக்குகிற பொத்தான் வலது ஓரத்தில் இருந்தது. விரல் எட்டவில்லை. வலது கையின் மிச்சத்தால் அமுக்கிப் பார்த்தாள். படம் ஆடியது. சின்னக் கமராவை எடுத்தாள். அதிலும் பொத்தான் வலது ஓரத்தில்தான். உலகத்தில் கமரா செய்கிற எல்லாருக்கும் வலது கை இருக்கிறதுபோலும். அவளுக்கென்று தம்பி பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்ததும், கைக்கு அடக்கம் என்று தாய் சொன்னதும் இந்த வகையைத்தான். அது எந்தக் கைக்கு அடக்கம் என்று ஒருவருக்கும் யோசனை போகவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்துக்கொண்டே மிரர்லெஸ்ஸைத் தலைகீழாகத் திருப்பினாள். பிடி இப்போது இடப்பக்கம் வந்தது. பொத்தான் கீழே போய் அவளுடைய பெருவிரலுக்கு நேரே நின்றது. லென்ஸை வலது கையின் மிச்சத்தின் மேல் வைத்தாள். அசையாமல் இருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தால் முற்றத்து மா மரம் நேராகத்தான் நின்றது. எண்களும் எழுத்துகளும் மட்டும் தலைகீழ். அவற்றை வாசிக்க அரைநாளில் பழகிவிட்டாள். எடுத்த படம் கணினியில் தலைகீழாக விழும், ஆனால் அங்கே ஒரு தட்டுத் தட்டினால் நேராகிவிடும். பன்னிரண்டு வருடமாகக் கணினியில் தட்டுகிறவளுக்கு அது ஒரு வேலையா?

சின்னதையும் அதே மாதிரித் திருப்பிப் பிடித்து, அதற்கும் நியாயமாக ஒரு சந்தர்ப்பம் கொடுத்தாள். வயலுக்குக் கொண்டுபோனாள். வாய்க்காலுக்குள் முக்கி எடுத்தாள். சேற்றுக்குள் நின்ற தகப்பனை எடுத்தாள். வெயிலில் அருமையாக வந்தது. வயலுக்கும் குளத்துக்கும் அதை அடிக்க ஆளில்லை என்று வாயாலேயே சொன்னாள். ராசுவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல?"

பிறகு குசினிக்குள் போனாள். சுப்பம்மா அடுப்படியில் இருந்தாள். தகரக் கூரை, ஒரே ஒரு சின்ன யன்னல், புகை. கலியாண வீடுகளில் பொம்பிளையை அலங்கரித்து வெளிக்கிடுத்துகிற அறையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். வெளிச்சம் போதாதென்று சின்னக் கமரா தானாகவே பிளாஷ் அடித்தது. தலைகீழாகப் பிடித்ததால் பிளாஷ் கீழே இருந்து நாடிக்கு அடித்தது. படத்தைப் பார்த்தால், சோறு வடித்துக்கொண்டிருந்த சுப்பம்மா சாமியாடிக்கொண்டிருந்தாள்.

"அடி ஆத்தே, இது நானா?" என்று சுப்பம்மா அகப்பையைப் போட்டுவிட்டாள்.

பிளாஷை நிற்பாட்டி எடுத்தாள். முகமெல்லாம் மணல் தூவியதுபோல் பொரிந்து, கலங்கி வந்தது. மிரர்லெஸ்ஸின் பைக்குள், மங்கலிலும் வெளிச்சத்தை நன்றாக உள்ளே விடுகிற, சூம் இல்லாத லென்ஸ் ஒன்று கிடந்தது. அதை மாட்டிக்கொண்டு, பிளாஷ் இல்லாமல், இரண்டடி முன்னால் போய் ஒன்று எடுத்தாள். யன்னலால் வந்த கொஞ்ச வெளிச்சம் சுப்பம்மாவின் ஒரு கன்னத்தில் விழுந்திருந்தது. மூக்குத்தியில் ஒரு பொட்டு மின்னியது. புகைக்குள் அவள் யாருக்கும் பயப்படாத ஒரு மனுசியாக நின்றாள். ராஜினி அதைக் கன நேரம் பார்த்தாள். ராசு தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார், பிறகு வெளியே போய்விட்டார். நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவர், மனைவியை அப்படிப் பார்த்ததில்லை போலும்.

அன்றைக்குப் பின்னேரமே தம்பியைக் கூப்பிட்டாள்.

"சஜி, எனக்கு மிரர்லெஸ்தான் வேணும். சூம் இல்லாத லென்ஸ் ஒண்டு போதும்."

"சூம் இல்லாம எப்பிடியக்கா கிட்டவா எடுக்கிறது?"

"கால் இருக்குத்தானே. கிட்டப் போறன்."

அந்தப் பக்கம் தயங்கியது. "அக்கா, கோவிக்காத. தற்செயலா விழுந்திட்டால்?"

"கழுத்தில வார் கிடக்கும், விழாது. விழுந்தாலும் என்ர சாமான் விழுந்ததெண்டு நான் அழுறன். பதினைஞ்சு வருசமா இந்த வீட்டில நான் ஒரு கோப்பை உடைச்சதைக் கண்டனியே? உடைக்கிறதெல்லாம் அம்மா. ஒரு கைக்காரி எண்டு பாத்துச் சாமான் வாங்காத, சஜி. படமெடுக்கிறவள் எண்டு பாத்து வாங்கு."

சஜீவன் நல்ல பிள்ளை. "லென்ஸின்ர பேரை எழுதி அனுப்பு" என்றான்.

திங்கட்கிழமை சிற்றம்பலத்திடம் இரண்டு கமராவையும் திருப்பிக் கொடுத்தபோது, சுப்பம்மாவின் படத்தையும் காட்டினாள். அவர் பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார். எடுத்த விதத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு தானே அதை இரண்டடி உயரத்தில் அச்சடித்து, சட்டம் போட்டு, ஸ்ரூடியோ வாசல் கண்ணாடிக்குள் மாட்டினார். கீழே "படம்: ராஜினி" என்று போட்டார். லைற் பிடிக்க விட்ட இரண்டு வருடத்துக்கும் அது மன்னிப்பா என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போக வழமையைவிட ஒரு பஸ் பிந்தியது. வீதியின் அந்தப் பக்கம் நின்று தன் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

சித்திரையில் கமரா வந்தது. ஆனியில் ஒரு ஞாயிறு காலை, வீட்டு வாசலில் ஒரு ஓட்டோ நின்றது. இரணைமடுப் பக்கம் வயல் செய்கிற குடும்பம், யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். தாய் இராசேஸ்வரியும் மகள் யதுர்ஷிகாவும். யதுர்ஷிகாவுக்கு ஆவணியில் கலியாணம். ஸ்ரூடியோக் கண்ணாடிக்குள் அந்த அடுப்படிப் படத்தைக் கண்டதிலிருந்து, எடுத்தவாதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். சிற்றம்பலம் வழி சொல்லி அனுப்பியிருந்தார். வழியை மட்டும்தான் சொல்லியிருந்தார்.

ராஜினி வெளியே வந்தாள். இராசேஸ்வரியின் பார்வை ஒருமுறை கீழே போய் மேலே வந்தது. யதுர்ஷிகா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "அக்கா, நான் வெளிக்கிடேக்கையும் நீங்கள்தான் நிக்கவேணும்" என்று தொடங்கி, அரை மணித்தியாலம் கதைத்தாள். ராஜினி தான் எடுத்த படங்களைக் காட்டினாள், எப்படிப் பிடித்து எடுப்பாள் என்றும் எடுத்துக் காட்டினாள். இராசேஸ்வரியும் பார்த்தார். படத்தில் குறை சொல்ல அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

கதைத்து முடிந்தது. இராசேஸ்வரி தட்டத்தை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, அதன் மேல் அச்சாரம். நல்ல காரியத்துக்கு வெற்றிலையை வலது கையால் கொடுத்து வலது கையால் வாங்குவதுதான் வழக்கம். ராஜினிக்கு நேரே போன தட்டம் நடுவழியில் நின்றது. மகளின் கலியாணத்துக்கு முதல் வெற்றிலை, அது இடது கையில் போவதா? அவர் அந்தரப்பட்டது எல்லாருக்கும் தெரிந்தது. பிறகு, ஒருவரையும் நோகடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தட்டத்தை அப்படியே பக்கத்தில் நின்ற ராசுவின் பக்கம் திருப்பினார்.

"ஐயா, நீங்கள் இதைப் பிடியுங்கோ."

ராஜினியின் முகம் சிவந்தது. சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் வாய் திறக்க முந்தி ராசு முந்திவிட்டார். அறுபத்தாறு வயதிலும் வயல் சொந்தக்காரரைக் கண்டால் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டுகிற மனிதர், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் வாங்கப்படாதுங்க அம்மா. படம் எடுக்கிறது அவ. வெத்தலைய அவ கையில குடுங்க."

"இல்லை ஐயா, பிள்ளைக்கு..." என்று இராசேஸ்வரி இழுத்தார்.

"அவளுக்கு ஒரு கைதாங்க. அந்தக் கையை நம்பித்தான் ஒங்க மக கலியாணத்தையே குடுக்க வந்திருக்கீங்க. வெத்தலைய குடுக்க என்னாங்க?"

யதுர்ஷிகா தாயின் முழங்கையை மெல்லத் தொட்டாள். ராஜினி இடது கையை நீட்டினாள். தகப்பன் தனக்காக இப்படி ஒருநாளும் வாய் திறந்ததை அவள் கண்டதில்லை.

இராசேஸ்வரி இரண்டு கையாலும் கொடுத்தார். ராஜினி இடது கையால் வாங்கிக்கொண்டு, முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.