மகள் திரும்பி வருவாவோ?

சிட்னியின் லிட்கம்மில் அடுக்குமாடி வீடொன்றில் மீன் பொரிப்பது ஏறக்குறைய அரசாங்கத்துக்கு எதிரான காரியம். எண்ணெய் காய்ந்தவுடனேயே கூரையில் இருக்கிற புகைமணி அலறி ஊரைக் கூட்டிவிடும். அதனால் கதிரையில் ஏறி நின்று, ஒரு கையால் துவாயை வீசிக்கொண்டு, இடையிடையே இறங்கி மீனைப் புரட்டிப் போடவேண்டும். போன சனிக்கிழமை அப்படிச் சர்க்கஸ் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் மன்னாரிலிருந்து ஜெனிற்றா அழைத்தாள். என் மச்சாளின் மகள். மெல்பேர்ணில் தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்து, மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள்.

“அன்ரி, ஏன் சொந்த நாட்டில படிக்கேல்லை எண்டு கேட்டிருக்கு. என்ன எழுதுறது?”

“ஒருக்கா வந்து பாத்திட்டுப் போகச் சொல்லி எழுது.”

“விளையாடாதேங்கோ அன்ரி. சீரியஸாச் சொல்லுங்கோ.”

நான் சீரியஸாகத்தான் சொன்னேன். ஆனாலும் பிள்ளையின் எதிர்காலம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அவர்களுக்குப் பிடித்த விதமாக நாலு வசனம் சொல்லிக்கொடுத்தேன். கடைசியில் அவளே சொன்னாள்: “அம்மாட்டச் சொல்லி வச்சிருக்கிறன், தெரியாத நம்பர் வந்தா எடுக்க வேண்டாம் எண்டு. உங்கட கதை எங்கட வீட்டில எல்லாருக்கும் தெரியும்தானே.” சிரித்துக்கொண்டு வைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீன் ஒரு பக்கம் கருகிப்போயிருந்தது.

பொரித்த மீன் வாசமும் தொலைபேசி மணியும் ஒன்றாக வந்தால் எனக்கு இன்றைக்கும் அந்த ஒரு நாள்தான் ஞாபகம் வரும். அன்றைக்கும் எங்கள் குசினியில் அம்மா மீன்தான் பொரித்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் கணக்கியல் படிக்க மெல்பேர்ணுக்கு விண்ணப்பித்திருந்தேன். என்னில் அவுஸ்திரேலியா முதன்முதலாகப் பார்த்தது என் முகத்தை அல்ல, நுரையீரலை. கொழும்பில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு நில் என்றார்கள், நின்றேன். பிறகு ஆங்கிலப் பரீட்சை. எதிரே இருந்த வெள்ளைக்காரப் பெண் மிகவும் அன்பாக, மறக்க முடியாத ஒரு விடுமுறைப் பயணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார். எங்கள் குடும்பம் எல்லாரும் சேர்ந்து போன ஒரே நீண்ட பயணம் மடு மாதா கோயிலுக்குத்தான். அதுவும் திருவிழாவுக்கு அல்ல, ஷெல்லுக்குப் பயந்து. அதையா சொல்வது? பார்த்தேயிராத நுவரெலியாவைப் பற்றி வாய் நிறையப் புளுகினேன். நல்ல புள்ளி கிடைத்தது. இந்த விசா விவகாரத்தில் எது எடுபடும் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்கவேண்டும்.

விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டவர் வெள்ளவத்தையில் சின்ன அலுவலகம் வைத்திருந்த றொபின் அண்ணை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர்தான் ஏஜென்ட். மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டு அவர் சொன்ன முதல் பாடம் இது: “தங்கச்சி, நீங்கள் அங்க போறது படிக்கிறதுக்கில்லை, திரும்பி வாறதுக்கு. அதை மட்டும் மனசில வச்சிருங்கோ.” நானும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். படித்து முடித்ததும் தாய்நாட்டுக்குத் திரும்பிச் சேவை செய்யத் துடிப்பதாக எழுதியிருந்தேன். வாசிக்க எனக்கே கண் கலங்கியது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அம்மாவைப் பற்றி மட்டும் எவருமே யோசிக்கவில்லை.

என் அம்மா பிழையான இலக்கத்துக்கு அழைத்தவரிடமும் கால் மணித்தியாலம் கதைக்கிற ஆள். எந்த ஊர், யாருடைய பிள்ளை, சாப்பிட்டாச்சா, கலியாணம் முடித்தாச்சா என்று தொடங்கினால், மற்றப் பக்கத்தில் இருப்பவர் தான் யாருக்கு அழைத்தேன் என்பதையே மறந்துபோவார். ஒருமுறை மின்சார சபையிலிருந்து பில் விஷயமாகத் திட்டுவதற்கு அழைத்தவர், கடைசியில் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லிவிட்டு வைத்தார்.

அன்றைக்கு நான் எங்கள் மாதா கோயிலில் பாடகர் குழுவோடு நின்றேன். கொழும்பிலிருந்து, விசா அலுவல்களைப் பார்க்கிற இடத்திலிருந்து, தமிழ் பேசுகிற பெண் ஒருத்தி மன்னாரில் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்திருக்கிறாள். விவரங்களைச் சரிபார்க்கவாம். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலில் அவள் சாப்பிட்டாளா என்று கேட்டிருக்கிறார். பிறகுதான் அவள் தன் கேள்வியைக் கேட்டாளாம்.

“மகள் படிச்சு முடிய இங்க திரும்பி வருவாவோ, அம்மா?”

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். யாராவது எங்கள் வீட்டுக்கு வந்து, படலையைத் திறக்கும்போதே “உடன போகவேணும்” என்றால் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிடும். ஒருவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டே போகிற கதை பேசுவது அந்த வீட்டைக் குறைவாக நினைப்பது. நாங்கள் எங்கே போனாலும், வீட்டுக்காரர் “இருந்து சாப்பிட்டுப் போங்கோ” என்றால், அவசரம் இருந்தாலும் காட்டிக்கொள்ளக் கூடாது. அம்மா எங்களை அப்படித்தான் வளர்த்தார். இப்போது ஒரு நாடு தன் வீட்டுக்கு வரப்போகிற பிள்ளையைப் பற்றிக் கேட்கிறது. அம்மா மரியாதை தெரிந்தவர். அதனால் மரியாதையாகவே பதில் சொன்னார்.

“அப்பிடிக் கேக்கலாமோ பிள்ளை? உங்கட நாடு எவ்வளவு நல்ல நாடு. நீங்கள் இருக்கச் சொன்னா அவ சந்தோஷமா இருப்பா. எங்களைப் பற்றி ஒண்டும் யோசிக்காதேங்கோ.”

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. “தங்கமான பிள்ளையடி. மட்டக்களப்பாம். நல்லாக் கதைச்சனான், உனக்கு அலுவல் சரி” என்றார். அவளுக்குச் சொன்ன பதிலையும் பெருமையாகச் சொல்லிக் காட்டினார்.

சில கிழமைகளில் மறுப்பு வந்தது. விண்ணப்பதாரர் நிரந்தரமாகத் தங்கும் நோக்கம் உடையவர் என்பதை அவருடைய தாயாரே உறுதிப்படுத்தியுள்ளார் என்று எழுதியிருந்தார்கள். நான் எழுதிய தாய்நாட்டுச் சேவையெல்லாம் காற்றோடு போயிற்று. அது என்ன நியாயம்? நான் பொய் எழுதினேன், அதில் அவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அம்மா வாழ்நாளில் எந்த வீட்டுக்காரருக்கும் சொல்கிற உபசார வார்த்தையைச் சொன்னார், அது குற்றச்சாட்டாகிவிட்டது. அந்த வருடத்துக்கான இடமும் போயிற்று.

அப்பா அம்மாவிடம் ஒரேயொரு வசனம்தான் சொன்னார்: “உன்ர வாயாலதான் பிள்ளைக்கு இல்லாமப் போச்சு.” அப்பா கோபக்காரர் அல்ல. அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவுமில்லை. ஆனால் அன்றிலிருந்து தொலைபேசி அடித்தால் அம்மா எடுப்பதில்லை. அடித்துக்கொண்டே இருக்கும், அம்மா பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்.

இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது றொபின் அண்ணை மன்னாருக்கே வந்தார். எனக்காக அல்ல, அம்மாவுக்காக. முன் விறாந்தையில் எதிரும் புதிருமாகக் கதிரை போட்டு, தான்தான் விசா அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, புது நன்மை என்கிற முதல் நற்கருணைக்குப் போகிற பிள்ளைக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதைப் போலச் சொல்லிக்கொடுத்தார்.

“அம்மா, மகள் திரும்பி வருவாவோ?”

“ஓம், கட்டாயம் வருவா. எங்களைப் பாக்க வேற ஆக்கள் இல்லை.”

“நல்லது. இவ்வளவும் போதும். இதுக்கு மேல ஒண்டும் கதைக்காதேங்கோ.”

“போன் எடுக்கிற பிள்ளை சாப்பிட்டதோ எண்டாவது கேக்கிறன் தம்பி.”

“வேண்டாம் அம்மா. நீங்கள் கேக்கக் கேக்க அவையள் எழுதுவினம்.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு றொபின் அண்ணையின் மேல் ஆத்திரமாக வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்? அவர் தன் தொழிலைச் செய்தார். அழைப்பு உண்மையாகவே வந்தது. அம்மா சொல்லிக்கொடுத்ததை ஒரே மூச்சில் ஒப்புவித்துவிட்டு, போனை என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார். விசா கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம், அம்மாவும்தான்.

மெல்பேர்ணுக்கு வந்த பிறகுதான் எனக்கு உண்மையான கோபம் தொடங்கியது. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை கிடைத்தது. மாணவர்கள் இவ்வளவு மணித்தியாலம்தான் வேலை செய்யலாம் என்று சட்டம். ஆனால் அங்கே மேலாளர் நாள் தவறாமல் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க முடியுமா என்று கெஞ்சுவார். பல்கலைக்கழகம் இன்னொரு படிப்பும் படிக்கலாமே என்று மின்னஞ்சல் அனுப்பும். இந்த நாட்டில் என்னை நிற்கச் சொல்லாத ஒரே ஆள் அந்த விசாதான்.

என்னோடு அறையில் இருந்த பிள்ளைகள் என்னை த பேசின் என்கிற இடத்துப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். கார் வைத்திருந்த ஒருத்தியின் புண்ணியத்தில், மலையடிவாரக் குளிரில், சுடச்சுடச் சாம்பார் சோறு. கத்தோலிக்கச்சி நான், ஆனால் பசிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அங்கே சாப்பாட்டு வரிசையில் நின்ற மாணவர்கள் எல்லாரும், யாழ்ப்பாணமோ திருச்சியோ, பேசிக்கொண்டது ஒன்றைத்தான்: பீ.ஆர்., அதாவது நிரந்தர வதிவிடம், எப்படி எடுப்பது. அத்தனை பேரும் திரும்பிப் போவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். அது அரசாங்கத்துக்குத் தெரியாதா? தெரியும். படிப்பு முடிந்ததும் கணக்காளர் தேவை, தாதியர் தேவை, விருப்பமானால் நிரந்தரமாக இருக்கலாம் என்று அவர்களே கதவைத் திறந்துவிட்டார்கள். நானும் அந்தக் கதவால்தான் உள்ளே வந்தேன், பிறகு சிட்னிக்கு வேலையோடு வந்தேன். அப்படியானால் ஒரு தாயை விறாந்தையில் இருத்திப் பொய் பழக்கியது எதற்கு? இந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொன்னால் நான் கேட்கத் தயார்.

அம்மா இப்போது தனியாக இருக்கிறார். அப்பா காலமாகி அதிக வருடம் ஆகவில்லை. போன வருடம் அம்மாவை மூன்று மாதத்துக்கு இங்கே அழைத்தேன். சிட்னி விமான நிலையத்தில், வெளியே வருகிற வழியில், மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பெடியன் அம்மாவின் பெட்டிகள் இருந்த தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். எங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான்.

“அம்மா எந்த ஊர்? நான் முருங்கன். படகில வந்தனான், வந்து கனகாலம். இன்னும் விசா சரிவரேல்லை. அம்மாவைப் பாத்தும் கனகாலம்.”

முருங்கன் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். பழைய அம்மாவாக இருந்தால், அவன் எந்தக் குறிச்சி, தாய் யார் என்று விசாரித்து, அங்கேயே பெட்டியைத் திறந்து அவனுக்குப் பலகாரம் எடுத்துக் கொடுத்திருப்பார். ஊருக்குத் திரும்பியதும் அந்தத் தாயைத் தேடிப் போய், உன் மகனைப் பார்த்தேன் என்று சொல்லியிருப்பார். அவன் அதைத்தான் எதிர்பார்த்து நின்றான். அம்மா கடவுச்சீட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “ஓம்” என்று மட்டும் சொன்னார். அவன் தள்ளுவண்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, “சரி அம்மா, போட்டு வாறன்” என்று போய்விட்டான்.

காரில் ஏறியதும் எனக்குத் தாங்கவில்லை. “ஏனம்மா அந்தப் பெடியனோட ஒண்டும் கதைக்கேல்லை?”

“வேலை செய்யுற பிள்ளை. நான் ஏதும் சொல்லி, அவனுக்கும் விசா இல்லாமப் போயிட்டுதெண்டால்?”

அப்படி ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். பிறகும் சொன்னேன். அம்மா தலையை ஆட்டினார். படிக்க வந்த நாடு எனக்குப் பட்டம் தந்தது, வேலை தந்தது, கடவுச்சீட்டும் தந்தது. வழியில் கண்ட பிள்ளையிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிற என் அம்மா மட்டும் இப்போது இல்லை.